டிக்கெட் இல்லாத புள்ளிகள்

எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு திரும்பி வந்தப்ப, மொத வந்த வார்த்தை என் பேரு இல்ல, எங்க மக பேரும் இல்ல. "ரைட்." அம்புட்டுத்தேன்.

ஆஸ்பத்திரிக் கட்டில்ல பதினெட்டு நாளா வாய் தெறக்காமக் கெடந்த மனுசன். நர்ஸ் வந்து தலகாணியைச் சரி பண்ணிட்டு நகந்ததும் சத்தமா "ரைட்"டுன்னாரு. இருவத்தாறு வருசம் டவுன் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவரு. எறங்குறவக எறங்கியாச்சு, ஏறுறவக ஏறியாச்சு, வண்டியை எடுன்னு டிரைவருக்குச் சொல்ற வார்த்தை அது. மூளையில ரத்தக்குழாய் அடைச்சு, வலது கையும் காலும் சொன்ன பேச்சுக் கேக்காமப் போயி, பேசத் தெரிஞ்சதெல்லாம் அழிஞ்ச பெறகும் அது மட்டும் எந்த மூலையிலயோ ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. எனக்குச் சிரிக்கிறதா அழுகுறதான்னு தெரியல. ரெண்டையும் பண்ணேன்.

அதுக்குப் பெறகு எல்லாத்துக்கும் ரைட்டுத்தேன். "காப்பி வேணுமா?" ரைட். "வேணாமா?" ரைட். "கால் வலிக்குதா?" ரைட். கோவம் வந்தாலும் அதே ரைட்டுத்தேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு வரும். நான் கொஞ்சம் வாய்க்காரி. பொறுமை எனக்கு எப்பவும் பக்கத்து வீட்டுல இருந்து கடன் வாங்குன சாமான் மாதிரித்தேன், சீக்கிரம் திருப்பிக் குடுத்துருவேன். ஒருநாள், "யோவ், எதுக்குத்தேன்யா ரைட்டு, எதுக்குத்தேன் தப்பு?"ன்னு கத்திட்டேன். அவரு என்னையே பாத்தாரு. கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு. வாய் மட்டும் "ரைட்"டுன்னுச்சு. அன்னைக்கு அடுப்படியில போயி நான் அழுத அழுகை எனக்குத்தேன் தெரியும்.

நான் பழங்காநத்தத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை பாக்குறேன். கடை பாயோடது. கல்யாணப் பத்திரிகையில இருந்து காலேஜ் புள்ளைக பிராஜெக்ட் வரைக்கும் டைப் அடிச்சுக் குடுக்குறது என் வேலை. வாழ்நாள் பூராம் அடுத்தவக வார்த்தையைத்தேன் அடிச்சிருக்கேன். அவருக்கு இப்படி ஆனதும் சொந்தக்காரவக ஒருத்தர் மாத்தி ஒருத்தர் போன் பண்ணி, "இப்ப எப்படி இருக்காக? பேசுறாகளா?"ன்னு கேட்டு உசுரை எடுத்தாக. ஓசூர்ல வேலை பாக்குற எங்க மகதேன் நெட்டுல ஒரு பிளாக் ஆரம்பிச்சுக் குடுத்தா. "எல்லாருக்கும் தனித்தனியாச் சொல்லிட்டு இருக்காதம்மா. இதுல எழுதிப் போடு, வேணும்ங்கிறவக படிச்சுக்கிரட்டும்"ன்னா. எழுத ஆரம்பிச்சேன். அவரு சட்டையில பட்டன் தானாப் போட்டது, பால் பாக்கெட்டைப் பல்லாலயே கிழிச்சது, இந்த மாதிரி. படிக்கிறவக ஒரு முப்பது பேர் இருப்பாக. எல்லாம் நம்ம ஆளுகதேன்.

பேச்சுப் பயிற்சி குடுக்குற பொண்ணு ஒண்ணு, வாரம் ரெண்டு நாள் அவகிட்டக் கூட்டிட்டுப் போவேன். அவ ஒரு நோட்டுப் போடச் சொன்னா. "புதுசா ஒரு வார்த்தை வந்தா தேதியோட எழுதுங்கம்மா. ஆனா ஒரு கண்டிசன். நீங்க சொல்லி அவர் திருப்பிச் சொன்னா கணக்கில்ல. மொத எழுத்தை எடுத்துக் குடுத்தாலும் கணக்கில்ல. அவருக்கே வேணும்னு தோணி, தானா வரணும்." பக்கத்துல உக்காந்திருந்தவரு எடது கையைத் தூக்கி, "ரைட்"டுன்னாரு. அந்த ரைட்டு மட்டும் நெசமாவே ரைட்டுத்தேன்னு எனக்குப் பட்டுச்சு. சட்டம்னா அவருக்கு அம்புட்டு இஷ்டம்.

அது எனக்குக் கல்யாணமான புதுசுலேயே தெரியும். ஒருதடவை பெரியார் பஸ் ஸ்டாண்டுல அவரு பஸ்ஸுன்னு தெரிஞ்சே ஏறி, சன்னலோரமா ராணி மாதிரி உக்காந்தேன். கூட்டத்தைப் பொளந்துக்கிட்டு வந்தவரு என் சீட்டுக்கிட்ட வந்ததும் நின்னாரு. "இந்தாரு, டிக்கெட் எடு." நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. "சம்சாரம்னாலும் டிக்கெட்டு டிக்கெட்டுத்தேன்"ன்னாரு. பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அவருகூடப் பேசவே இல்ல நான்.

இந்தாரு. அதுதேன் எனக்கு அவரு வச்ச பேரு. கல்யாணத்துக்குப் பெறகு ஒருநாள்கூட என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது கெடையாது. இந்தாரு, சோத்தைப் போடு. இந்தாரு, பாப்பா அழுகுது. இந்தாரு, அந்தச் சேலை உனக்கு நல்லாருக்கு. "ஏன், எனக்கு எங்க ஆத்தா அப்பன் பேரே வைக்கலையா?"ன்னு எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன். இப்ப அந்த ஒத்த வார்த்தைக்குத் தவம் கெடக்குறேன்னு யாருகிட்டப் போயிச் சொல்றது?

நோட்டுல வார்த்தை ஒண்ணொண்ணாச் சேந்துச்சு. தண்ணி. வேணாம். பாப்பா. சூடு. இல்ல. ஒருநாள் பயிற்சிக்குக் காத்திருந்தப்ப பக்கத்துல இருந்தவரு ஒருத்தர், "உங்க வீடு எந்த ஏரியாண்ணே?"ன்னு சும்மாக் கேட்டாரு. இவரு கண்ணை மூடிக்கிட்டு, "பெரியார், பழங்காநத்தம், பைகாரா, பசுமலை, திருப்பரங்குன்றம், ஹார்விபட்டி, திருநகர்"னு ஒரே மூச்சுல சொன்னாரே பாக்கலாம்! ஆத்தாடி, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஆனா நடுவுல இருந்து சொல்லச் சொன்னா வராது. எங்க வீடு இருக்குற திருநகரைச் சொல்லணும்னா பெரியார்ல இருந்து கெளம்பியாகணும். மனப்பாடமா வரிசையா ஓடுறது வேற, நெனச்சுச் சொல்றது வேறன்னு அந்தப் பொண்ணு வெளக்குனா. நான் ஏழு வார்த்தைன்னு எழுதப் போனேன். அவரு தலையை ஆட்டி, ஒத்த வெரலைக் காட்டுனாரு. ஒரு டிரிப்பு, ஒரு வார்த்தை. எம்புட்டு வாதாடியும் அசையல.

இந்தச் சமயத்துலதேன் கடைக்கு ஒரு காலேஜ் டீச்சரம்மா, ஆராய்ச்சிப் புத்தகம் பிரிண்ட் எடுக்க வந்தாக. அவுக லேப்டாப்புல ஒரு படம். கோடு ஒண்ணு ஏறி எறங்குது, கோட்டு மேல புள்ளி புள்ளியா இருக்கு. அம்புக்குறியை ஒரு புள்ளி மேல கொண்டு போனா, அது என்ன ஏதுன்னு ஒரு சின்னப் பொட்டி எந்திரிச்சு வந்து சொல்லுது. நான் வேலையை விட்டுட்டு வாயைப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னேன். அந்தப் புள்ளிக்குள்ள எல்லாம் எனக்குத் தண்ணியும் சூடும் பாப்பாவுந்தேன் தெரிஞ்சுச்சு.

"இதுக்குக் கோடிங் எல்லாம் படிக்கணுமாக்கும்?"ன்னு கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்க்கா"ன்னாக. "ஒரு வெப்சைட் இருக்கு, ஓசிதேன். கட்டம் போட்ட தாள்ல தேதியும் விவரமும் அடிச்சுக் குடுத்தா அதுவே வரைஞ்சு குடுக்கும். கடைசியில இங்கிலீசு எழுத்தா ஒரு துண்டு கோடிங் தரும். அதை அப்படியே எடுத்து பிளாக்ல ஒட்டுனா, படம் வந்து உக்காந்துக்கிரும்."

சொல்றது லேசு. மத்தியானம் கடையில ஆளு இல்லாத நேரமாப் பாத்து உக்காந்தேன். நோட்டுல இருந்ததை எல்லாம் கட்டத்துல ஏத்துனேன். ஒரு கட்டம் தேதி, ஒரு கட்டம் வார்த்தை, ஒரு கட்டம் அதுவரைக்கும் மொத்தம் எத்தனைன்னு. படம் வந்துச்சு. கோடு முன்னுக்குப் போகுது, பின்னுக்கு வருது, முட்டுச்சந்துல பஸ்ஸைத் திருப்புற மாதிரி. என்னன்னு பாத்தா, நாம நாளை மொதல்லயும் மாசத்தைப் பெறகும் எழுதுறோம், அந்த வெப்சைட்டு மாசத்தைத்தேன் மொதல்ல படிக்குது. அது கணக்குப்படி எங்க வீட்டுக்காரரு படுக்குறதுக்கு மூணு மாசம் முன்னாடியே பேச ஆரம்பிச்சுட்டாரு. அதைத் திருத்தி முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துபோச்சு.

பெறகு அந்தத் துண்டைக் கொண்டாந்து பிளாக்ல ஒட்டுனேன். ஒட்டி, ஊரறியப் போட்டும் விட்டேன். கொஞ்ச நேரத்துல உசிலம்பட்டியில இருந்து என் தம்பி போன் பண்ணான். "அக்கா, மச்சான் பேச ஆரம்பிச்சுட்டாருன்னு ஆசையாத் தெறந்து பாத்தா, இங்கிலீசுல என்னென்னமோ பேசுறாரே! டாக்டர்கிட்டக் காட்டுக்கா." போயிப் பாக்குறேன், படத்தைக் காணோம், அந்தக் கோடிங் எழுத்து எழுத்தா அப்படியே நிக்குது. மச்சான் பேசுனதைத்தேன் அக்கா அடிச்சிருக்கான்னு நெனச்சிருக்கான், கூறுகெட்ட பய. அதோட போதும்டா சாமின்னு, கம்ப்யூட்டர்ல தெரிஞ்ச படத்தைச் செல்லுல போட்டோப் புடிச்சு, அந்தப் போட்டோவைப் பிளாக்ல போட்டேன். தொட்டாப் பேசாது. ஊமைப் படம். ஆனா கோடு தெரியும்ல, அது போதும்னு விட்டுட்டேன்.

மொத ரெண்டு வாரம் கோடு நல்லா ஏறுச்சு. பெறகு படுத்துருச்சு. ஒரு மாசம் போச்சு, மேலயும் பத்து நாள் போச்சு. புதுசா ஒரு வார்த்தை வரல. நான் வாராவாரம் போட்டோ மாத்திப் போடுறேன், கோடு தரையோட தரையா நீண்டுக்கிட்டே போகுது. ஒருநாள் அவரு என் செல்லை வாங்கி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பாத்தாரு. எடது கை ஆள்காட்டி வெரலை அந்தப் படுத்த கோட்டு மேல வச்சு, இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் இழுத்தாரு. செல்லைக் குடுத்துட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

மறுநாள் காலையில பயிற்சிக்குக் கண்ணாடியை எடுத்துட்டு வந்தேன். வாயைக் குவிக்கிறது, நாக்கை மடக்குறது எல்லாம் கண்ணாடி பாத்துத்தேன் பண்ணணும். "வேணாம்"னாரு. அதுக்கு மறுநாளும் வேணாம். கெஞ்சுனேன், திட்டுனேன், சாப்பிடாம இருந்து பாத்தேன். ஒண்ணும் நடக்கல. அந்தப் பொண்ணு தனியாக் கூப்பிட்டுச் சொன்னா: "இந்த மொத வருசம் ரொம்ப முக்கியம்மா. இப்ப விட்டுட்டா, பெறகு பிடிக்கிறது கஷ்டம். எப்படியாச்சும் உக்கார வைங்க." முன்னாடியெல்லாம் கோவத்துல அவரு பதில் சொல்லாம இருந்தா, "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீக?"ன்னு கேப்பேன். இனிமே ஆயுசுக்கும் இந்த வீட்டுல என் சத்தம் மட்டுந்தேனா கேக்கப் போகுது?

அப்பத்தேன் அந்தக் காரியத்தைப் பண்ணேன்.

கட்டத்துல ஒரு வரி சேத்தேன். "மழை." அவரு சொல்லல. சன்னல்ல மழையைக் காட்டி நான் சொல்ல, வாயை மட்டும் அசைச்சாரு. ரெண்டு நாள் கழிச்சு "செருப்பு." அது நான் மொத ரெண்டு எழுத்தை எடுத்துக் குடுத்து வந்தது. பெறகு "சோறு." அது சுத்தப் பொய்யி. ஆயிரம் பொய்யைச் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம், நாலு பொய்யைச் சொல்லி ஒரு மனுசனை நிமுத்தக் கூடாதாக்கும்? கை பழகிப் போச்சு. கடைசியா ஒருநாள், கடையில யாரும் இல்ல, நான் பாட்டுக்கு "இந்தாரு"ன்னு அடிச்சுட்டேன். அவருக்காக அடிச்சேனா எனக்காக அடிச்சேனான்னு இன்னைக்குக் கேட்டா, எனக்காகத்தேன். எழுத்துல பாத்தாலாவது காதுல விழாதான்னு ஒரு நப்பாசை.

கோடு ஏறுச்சு. போட்டோவை மாத்திப் போட்டு அவருகிட்டக் காட்டுனேன். "பாத்தீகளா, மறுபடி ஏறுது. நீங்களாத்தேன் அப்பப்பச் சொல்றீக, உங்களுக்குத்தேன் ஞாபகம் இருக்குறதில்ல." அவரு சந்தேகமாத்தேன் பாத்தாரு. ஆனா மறுநாள் காலையில கண்ணாடியை அவராவே எடுத்து வச்சாரு. மக போன்ல, "அம்மா, அப்பா கலக்குறாரும்மா"ன்னு அழுதா. கடையில பாய், "மாஷா அல்லாஹ், உங்க கஷ்டத்துக்குப் பலன் கெடைச்சிருச்சும்மா"ன்னு கேசரி வாங்கியாரச் சொன்னாரு. கேசரியைக் கையில வச்சுக்கிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவ மாதிரி முழிச்சுக்கிட்டு நின்னேன்.

அதோட சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? அந்தத் தொட்டாப் பேசுற படத்து மேல எனக்கு ஆசை போகல. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுல உக்காந்து பிளாக்கைக் கிண்டிக்கிட்டு இருக்கேன், எழுதுற பொட்டிக்கு ஓரமா ஒரு சின்னக் குறி கண்ணுல பட்டுச்சு. அதை அமுக்குனா எழுதுற பக்கத்துக்குப் பின்னால இன்னொரு பக்கம் தெறக்குது. அந்தக் கோடிங் துண்டை அங்கதேன் ஒட்டணுமாம், முன்னால இல்லையாம். இது தெரியாம எத்தனை மாசம்! ஒட்டுனேன். முன்பக்கத்துக்கு வந்து பாத்தா, என் படம் ஜம்முனு உக்காந்திருக்கு. ஒரு புள்ளியைத் தொட்டேன். "தண்ணி"ன்னு சின்னப் பொட்டி எந்திரிச்சு வந்துச்சு, கீழ தேதியோட. இன்னொண்ணைத் தொட்டேன். "பாப்பா." யாத்தே, எனக்குப் பித்துப் புடிக்காத கொறைதேன். கோடிங் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது, ஆனா எம் புருசன் பேசுன பேச்சைத் தொட்டுப் பாக்குற மாதிரிப் பண்ணிட்டேன்.

அந்தச் சந்தோசத்துல மூளை மழுங்கிப்போச்சு. நேரா அவருகிட்ட ஓடி, "தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க"ன்னு செல்லைக் கையில குடுத்தேன். ஊமைப் படத்துல ஒளிஞ்சிருந்ததெல்லாம் இதுல வாயைத் தெறந்துரும்னு எனக்குத் தோணவே இல்ல.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறது மட்டும் அவருக்குக் கொஞ்சம் தப்பிச்சிருந்துச்சு. மொதப் புள்ளியில இருந்து ஆரம்பிச்சாரு. தொடுறது, படிக்கிறது, தலையாட்டுறது. பின்பக்கப் படியில இருந்து முன்னால வரைக்கும் ஒவ்வொரு சீட்டாத் தலையை எண்ணிக்கிட்டு வருவாருல்ல, அதே மாதிரி. நான் பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்கேன். தண்ணி, தலையாட்டுனாரு. வேணாம், பாப்பா, சூடு, தலையாட்டுனாரு. ஒத்த டிரிப்பு, தலையாட்டுனாரு. "மழை"க்கு வந்தாரு. நின்னுட்டாரு.

அப்பத்தேன் எனக்குச் சுருக்குன்னுச்சு. செல்லைப் புடுங்கப் போனேன், குடுக்கல. மறுபடி தொட்டுப் படிச்சாரு. என்னைப் பாத்தாரு. உதடு துடிக்குது, கழுத்து நரம்பு பொடைக்குது. வாயில இருந்து வெட்டி எடுத்த மாதிரி வந்துச்சு.

"டிக்கெட்… இல்ல."

அடுத்த புள்ளி, செருப்பு. "டிக்கெட் இல்ல." அடுத்தது, சோறு. "டிக்கெட் இல்ல."

எனக்கு அவமானத்துல ஒடம்பெல்லாம் எரியுது. அவமானம் வந்தா எனக்குக் கோவந்தேன் வரும். "ஆமாய்யா, நாந்தேன் ஏத்துனேன்! ஓசியிலதேன் ஏத்துனேன்! நீ பாட்டுக்குச் சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்? என்னைய என்ன பண்ணச் சொல்ற?"ன்னு கத்துறேன். அவரு காதுலயே வாங்கல. கடைசிப் புள்ளியைத் தொட்டாரு.

இந்தாரு.

வெரலை எடுக்கல. ரொம்ப நேரம் அந்தப் பொட்டி அப்படியே நின்னுச்சு. நான் கத்துறதை நிறுத்திட்டேன். அவரு வாயைத் தெறக்குறாரு, மூடுறாரு. அந்த வார்த்தையைச் சொல்லத்தேன் பாக்குறாருன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. இ வரைக்கும் வந்துச்சு. அதுக்கு மேல வரல. கண்ணுல இருந்து தண்ணி எறங்கித் தாடியில சொட்டுச்சு. எம் பக்கமாத் திரும்பி, ரொம்ப மெதுவா, பாவமாச் சொன்னாரு, "டிக்கெட் இல்ல."

சம்சாரம்னாலும் டிக்கெட்டு டிக்கெட்டுத்தேன்.

அவரு கண்ணு முன்னாலயே ஒவ்வொரு வரியா அழிச்சேன். கோடு எறங்கி எறங்கிப் பழையபடி படுத்துருச்சு. கடைசி வரியை அழிக்கிறப்ப எங்க ரெண்டு பேரு கையும் அந்தச் செல்லு மேல இருந்துச்சு. பெறகு பிளாக்லயும் எழுதிப் போட்டேன்: போன மாசம் ஏறுன கோடு பொய்யி, நாந்தேன் ஏத்துனேன், எல்லாரும் மன்னிச்சுக்கிருங்கன்னு. மக போன் பண்ணா. திட்டுவான்னு நெனச்சேன். "அம்மா, நீ எப்படிம்மா இருக்க?"ன்னு கேட்டா. இத்தனை மாசத்துல அதை யாரும் எங்கிட்டக் கேக்கல.

அடுத்த தடவை பயிற்சிக்குப் போனப்ப, அந்தப் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் ஒப்பிச்சேன். அவ என் பொய்யைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. "இருங்க, இருங்க. டிக்கெட் இல்லன்னு அவரே சொன்னாரா? நீங்க எடுத்துக் குடுக்காமயா?"

"நான் எங்க எடுத்துக் குடுத்தேன், எம் மேல பாஞ்சாரு."

"டிக்கெட்டுங்கிறது புது வார்த்தைம்மா. அதோட ரெண்டு வார்த்தையைச் சேத்துச் சொல்லியிருக்காரு. இதான் மொத தடவை."

அவரு நாக்காலியில நிமுந்து உக்காந்தாரு. அன்னைக்குச் சாயங்காலம் ஒரு புள்ளி ஏறுச்சு. ரெண்டு மாசத்துக்கு மேல ஆன பெறகு நெசமா ஏறுன மொதப் புள்ளி, என்னையத் திட்டுன வார்த்தை. தொட்டுப் பாத்துத் தலையாட்டுனாரு. அதுல இருந்து காலையில கண்ணாடி, சாயங்காலம் செக்கிங். நான் ஒரு வரி சேத்தா, அவரு தொட்டுப் பாத்து ஒத்துக்கிட்டாத்தேன் அது நிக்கும். வாரத்துக்கு ஒண்ணு வரும். சில வாரம் அதுவும் வராது. ஆனா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுக்கல.

ரெண்டு மாசம் இருக்கும். பயிற்சி முடிஞ்சு பழங்காநத்தத்துல பஸ் ஏறி வீட்டுக்கு வாரோம். இப்ப டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்குக் காசு கெடையாது. ஆனாலும் டிக்கெட்டுக் கிழிச்சுக் குடுக்குறாக. நான் அதைக் கசக்கிப் போட்டாப் போதும், எங்க வீட்டுக்காரரு மொறைப்பாரு. காசு இல்லைன்னாலும் கணக்கு உண்டுல்ல. அதனால பத்திரமாக் கைக்குள்ளயே வச்சிருந்தேன்.

திருநகர் வந்துச்சு. பஸ்ஸை ஓரங்கட்டாம, ரோட்டுல கொஞ்சம் தள்ளியே நிப்பாட்டுனாரு டிரைவரு. எப்பவும் நான் அவரு ஊனுகம்பை வாங்கிக்கிட்டு மொதல்ல எறங்கித் திரும்பி நின்னு அவருக்குக் கை குடுப்பேன். அன்னைக்கும் கடைசிப் படியில நின்னு, மூஞ்சியை அவரு பக்கம் வச்சுக்கிட்டு, "பாத்து வாங்க, பாத்து வாங்க"ன்னு சொல்லிக்கிட்டே பின்பக்கமா ஒரு காலைக் கீழ எறக்குறேன். அவரு மேல் படியில, எடது கையில கம்பியைப் புடிச்சிருக்காரு. அதை விட்டா விழுந்துருவாரு. வலது கை தூக்க வராது. என்னையப் புடிச்சு இழுக்க அவருகிட்டக் கையே இல்ல.

"இந்தாரு!"

பஸ்ஸே அதிர்ற சத்தம். கால் அந்தரத்துல நின்னுருச்சு. பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல ஒரு பைக்கு விருட்டுன்னு போச்சு, என் சேலை முந்தியை ஒரசிக்கிட்டு. கண்டக்டர் தம்பி எறங்கி ஓடி பைக்குக்காரனைத் திட்டுறாரு, பஸ்ஸுல உள்ளவக எல்லாம் என்னமோ சொல்றாக. எனக்கு ஒண்ணும் கேக்கல. அந்த ஒண்ணு மட்டுந்தேன் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. முறுக்கு மாறாம, அதே அதட்டலு. சன்னலோரத்துல உக்காந்து கேட்டேனே, அதே சத்தம்.

எப்படியோ எறங்கி, பஸ் ஸ்டாப் பெஞ்சுல உக்காந்தோம். அவரு கையைப் புடிச்சுக்கிட்டு நடுரோட்டுன்னும் பாக்காம அழுறேன். என் அழுகை அடங்குற வரைக்கும் அவரு இருந்தாரு. பெறகு என் கையில கசங்கிக் கெடந்த டிக்கெட்டை எடுத்து முட்டி மேல வச்சு எடது கையால நீவுனாரு. என் பையில இருந்த செல்லைக் காட்டுனாரு.

"டிக்கெட்."

"இங்கயேவா? வீட்டுக்குப் போயிப் போட்டுக்கிருவோம்ங்க."

"டிக்கெட்"டுன்னாரு மறுபடி. இவருகிட்ட எவ பேசுறது. செல்லை எடுத்து, கட்டத்தைத் தெறந்து, அன்னைக்குத் தேதியைப் போட்டு, நான் ஒருதடவை அழிச்ச அதே வார்த்தையை அடிச்சேன். மூணு தடவை தப்பா வந்துச்சு. பிளாக்கைத் தெறந்தா, கோட்டோட நுனியில புதுப் புள்ளி உக்காந்திருக்கு. செல்லை அவருகிட்ட நீட்டுனேன். வெரலை வச்சாரு. பொட்டி எந்திரிச்சு வந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சாரு, என்னையப் பாத்தாரு, தலையாட்டுனாரு.

கம்பை ஊனி எந்திரிச்சாரு. வீட்டுப் பக்கமாத் திரும்பி, எனக்காக நின்னாரு.

"போலாம்," அப்படின்னாரு. "ரைட்."

அந்தப் போலாமும் புதுசுதேன், அதுக்கும் ஒரு புள்ளி போடணும்னு எனக்கு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பத்த வச்ச பெறகுதேன் ஒறைச்சுச்சு.